செத்லான்ஸ்: எத்ருஸ்கரின் உலைக்களக் கடவுள்

இத்தாலியில் ஆர்னோ, டைபர் ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் கி.மு. முதல் ஆயிரத்தாண்டில் செழித்திருந்த எத்ருஸ்கர்கள், நெருப்புக்கும் உலோகத் தொழிலுக்கும் உரிய கடவுளைச் செத்லான்ஸ் என்று அழைத்தனர். கிரேக்கரின் ஹெபைஸ்டஸுக்கும் ரோமரின் வல்கனுக்கும் இணையாக வைக்கப்படும் இவரைப் பற்றி எத்ருஸ்க மொழியில் துதியோ கதையோ எஞ்சவில்லை. இவருக்கென்றே எழுப்பப்பட்டது என உறுதியாகச் சொல்லத்தக்க கோயிலும் இல்லை. எஞ்சியவை பெரும்பாலும் பட்டறையிலிருந்து வந்த பொருள்களே: வெண்கலக் கண்ணாடிகளும் நாணயங்களும். ஆகவே இவருடைய வரலாற்றை வழிபாட்டைக் கொண்டு எழுத வழியில்லை. தொழிலைக் கொண்டே எழுத வேண்டியிருக்கிறது.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கிரேக்க மட்பாண்டங்கள் எத்ருஸ்கத் துறைமுகங்களில் ஏராளமாக வந்திறங்கின. அவற்றோடு ஹெபைஸ்டஸின் கதைகளும் வந்தன. ஊனமுற்றுப் பிறந்ததால் தாய் ஹீராவால் வானுலகிலிருந்து வீசப்பட்ட பிள்ளை, உட்காருபவரைப் பிணைத்துவிடும் அரியணை ஒன்றைச் செய்து அவளுக்கு அனுப்பிப் பழிதீர்த்துக்கொள்கிறான். பிறகு மதுக்கடவுள் டயோனைசஸ் மதுவூட்டி அவனைத் திரும்ப அழைத்து வருகிறார். இன்றைய செர்வெதேரியான கைரே நகரில் கி.மு. 525 அளவில் வனையப்பட்டு, இப்போது வியன்னாவில் உள்ள நீர்க்குடம் ஒன்றில் அவன் திரும்பிவரும் இந்தக் காட்சி தீட்டப்பட்டுள்ளது. திருகிய பாதங்களோடு கடவுள் அதில் சவாரி செய்கிறார். பிற்கால எத்ருஸ்கக் கண்ணாடிகளில் இந்த ஊனம் அழுத்தம் பெறுவதில்லை. கதை கிரேக்கத்திலிருந்து வந்தாலும், தங்களுக்கு வேண்டியதை மட்டுமே உள்ளூர்க் கலைஞர்கள் எடுத்துக்கொண்டனர் எனலாம்.

கண்ணாடி என்பது இங்கே ஒரு பக்கம் மெருகேற்றி, மறுபக்கம் உருவம் செதுக்கிய வெண்கலத் தட்டு. பெண்களின் கல்லறைகளில் இவை மிகுதியாகக் கிடைக்கின்றன. செத்லான்ஸைக் காட்டும் கண்ணாடிகளில் பெயர்பெற்றது அரெஸ்ஸோவில் கிடைத்து, 17ஆம் நூற்றாண்டில் கோஸ்பி என்ற சேகரிப்பாளரிடம் இருந்து, பின்னர் பொலோஞாவின் தொல்பொருள் காட்சியகத்தைச் சேர்ந்தது. அதில் ஜீயஸுக்கு இணையான தினியாவின் தலையிலிருந்து, அதீனாவுக்கு இணையான மென்ர்வா ஆயுதத்தோடு வெளிப்படுகிறாள். தால்னா, தான்ர் என்ற இரு பெண் தெய்வங்கள் மருத்துவச்சிகளைப் போல உடனிருக்கின்றனர். தலையைப் பிளந்து வழிசெய்த செத்லான்ஸ் இருமுனைக் கோடரியோடு ஓரத்தில் நிற்கிறார். ஒவ்வொருவரின் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பதால் அடையாளத்தில் ஐயமில்லை. ஒரு பெண்ணின் உடைமைக்குப் பிள்ளைப்பேற்றுக் காட்சி பொருத்தமானதுதான்; கொல்லனின் கடவுள் பெண்களின் அணிகலப் பெட்டிக்குள் நுழைந்த வழி இதுவே.

வேறொரு கண்ணாடியில், அரியணையில் பிணைக்கப்பட்ட உனியை, அதாவது எத்ருஸ்கரின் ஹீராவை, அவர் திரேது என்ற உதவியாளோடு சேர்ந்து விடுவிக்கிறார். பாரிஸில் உள்ள இன்னொன்று விந்தையானது. செத்லான்ஸும் எதுலே என்பவரும் ஒரு குதிரையை உருவாக்குகின்றனர். குதிரைக்குப் ‘பெக்சே’, அதாவது பெகாசஸ், என்று பெயர் பொறித்திருக்கிறது. குதிரை செய்யும் இக்காட்சி டிராய்க் குதிரையை நினைவூட்டுகிறது; கிரேக்க மரபிலோ அதைக் கட்டியவன் எபேயஸ் என்ற மனிதன். பெகாசஸ் யாரும் செய்யாமல் பிறந்த சிறகுக் குதிரை. இரண்டும் இங்கே ஒன்றாகியிருப்பதைச் செதுக்கியவரின் அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் செய்பொருள் எதுவாயினும் அதைச் செத்லான்ஸின் கையில் ஒப்படைக்கும் போக்கு அதில் தெரிகிறது.

இந்தக் கடவுள் ஒரு நகரத்தின் அடையாளமாகவே ஆனது பொப்புலோனியாவில். கடலோரத்தில் அமைந்த இந்த எத்ருஸ்க நகரம் எதிரிலிருந்த எல்பா தீவின் இரும்புத்தாதுவை உருக்கி வாழ்ந்தது. தாது உலையிலிருந்து பெரிய கடற்பஞ்சு போன்ற கட்டிகளாக வெளிவந்ததைக் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் விவரிக்கிறார். எல்பாவிலிருந்து கொண்டுவந்த இரும்பை இங்கே வேலை செய்தவர்களைத் தாமே பார்த்ததாகப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். கி.மு. 205இல் ஆப்பிரிக்கப் படையெடுப்புக்கு ஆயத்தமான ரோமத் தளபதி சிப்பியோவுக்கு எத்ருஸ்க நகரங்கள் உதவியபோது, பொப்புலோனியா தர முன்வந்தது இரும்பு என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி குறிக்கிறார். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அந்நகரம் வெளியிட்ட வெண்கலக் காசில் ஒருபுறம் கூம்புத் தொப்பி அணிந்த செத்லான்ஸின் தலை, மறுபுறம் சம்மட்டியும் குறடும், உடன் நகரத்தின் பெயர். இத்தனைக்கும் அந்நகரப் பெயரைப் பல ஆய்வாளர்கள் மதுக்கடவுள் ஃபுஃப்லுன்ஸோடுதான் தொடர்புபடுத்துகின்றனர். காசில் இடம்பிடித்தவரோ கொல்லர்.

பூசாரிகளின் உலகில் செத்லான்ஸின் இடம் இவ்வளவு தெளிவாக இல்லை. 1877இல் பியாசென்சா அருகே கிடைத்த, குறிபார்ப்பதற்கான வெண்கல ஆட்டீரல் உருவத்தில் தெய்வப் பெயர்கள் கட்டம் கட்டமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. செத்லான்ஸ் என்ற பெயர் அவற்றில் இல்லை. ‘வெல்க்’ என்று தொடங்கும் ஒரு பொறிப்பை வல்கனோடு இணைத்துப் பார்ப்போர் உண்டு. வல்கன் எத்ருஸ்க மூலமுடையவரா, கிரீட் தீவின் வெல்கானோஸோடு உறவுடையவரா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. இலத்தீன் ஆசிரியர்கள் எத்ருஸ்க மரபைப் பேசும்போது வல்கன் என்ற பெயரையே ஆள்கின்றனர். எத்ருஸ்க நூல்களின்படி இடியை எறியும் உரிமை பெற்ற தெய்வங்களில் வல்கனையும் உரையாசிரியர் செர்வியஸ் சேர்க்கிறார். தீவிபத்துக்கு அஞ்சி வல்கனின் கோயிலை நகர மதிலுக்கு வெளியே அமைக்க வேண்டும் என்பது எத்ருஸ்கக் குறிகாரர்களின் விதி என்கிறார் கட்டடக்கலை நூலாசிரியர் விட்ருவியஸ். கண்ணாடியிலும் காசிலும் ஆக்கும் நெருப்பாக இருந்தவர், இந்த நூல்களில் அஞ்சத்தக்க நெருப்பாகத் தெரிகிறார்.

கி.மு. முதல் நூற்றாண்டுக்குள் இலத்தீன் எத்ருஸ்க மொழியின் இடத்தைப் பிடித்தது. செத்லான்ஸ் என்ற பெயரும் வழக்கொழிந்தது. ஸ்ட்ராபோ காலத்தில் பொப்புலோனியாவின் மேட்டு நகரம் கோயில்களும் சில வீடுகளும் தவிர வெறிச்சோடியிருந்தது. கீழே பராத்தி விரிகுடாவின் கரையில் உலைக் கசடு பழைய கல்லறைகளையே மூடிக் குவிந்து கிடந்தது. பண்டைய உலைகள் பிரிக்காமல் விட்ட இரும்புக்காக அந்தக் கசடு 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் அகழப்பட்டது. அதன் அடியிலிருந்துதான் பொப்புலோனியாவின் சான் செர்போனே கல்லறைகள் வெளிவந்தன.