கொலைகள் குறைந்தன, மக்கள்தொகை கூடியது: டெட்ராய்ட் நகரம் மீண்டுவிட்டதா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்ட் நகரில் 2024ஆம் ஆண்டு 203 கொலைகள் பதிவாயின. 1965ஆம் ஆண்டுக்குப் பின் அதுவரை அந்நகரம் கண்ட மிகக் குறைந்த எண்ணிக்கை அது. 1974இல் ஒரே ஆண்டில் 714 பேர் கொல்லப்பட்ட நகரம் அது என்பதை நினைத்தால், நகர நிர்வாகம் இந்த எண்ணைப் பெருமையுடன் முன்வைப்பதில் வியப்பில்லை. எனினும் அந்த ஒப்பீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது.

1960ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி டெட்ராய்ட்டில் 16.7 லட்சம் பேர் வசித்தனர். இப்போது வசிப்போர் ஏறத்தாழ 6.45 லட்சம் பேர். அதாவது, அறுபதுகளின் நடுவில் 200 கொலைகள் என்பது ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 12 என்ற விகிதம்; இன்று அதே 200 என்பது ஒரு லட்சத்துக்கு 31. 2024இல் அமெரிக்கா முழுமைக்குமான விகிதம் ஒரு லட்சத்துக்கு 5 மட்டுமே. ஆகவே, அறுபதாண்டுகளில் இல்லாத அமைதி திரும்பிவிட்டது என்று சொல்வது பொருந்தாது. நியாயமான ஒப்பீடு 2012ஆம் ஆண்டுடன் செய்யப்பட வேண்டும். நகரம் திவாலாவதற்கு முந்தைய அந்த ஆண்டில் 386 கொலைகள் நடந்தன. விகிதம் ஒரு லட்சத்துக்கு 55 அளவில் இருந்தது. அங்கிருந்து 2024இல் 31க்கு இறங்கியது உண்மையான முன்னேற்றம். ஆனால் அது பாதி வழி மட்டுமே.

வீழ்ச்சியின் வரலாறு

ஒரு காலத்தில் உலகின் மோட்டார் வாகனத் தலைநகராக விளங்கிய நகரம் இது. சென்னையை 'ஆசியாவின் டெட்ராய்ட்' என்று அழைக்கும் வழக்கம் அந்தப் புகழிலிருந்து பிறந்ததுதான். பட்டம் சூட்டியவர்கள் அந்நகரின் பிற்காலத்தை எண்ணிப் பார்த்தார்களா என்பது வேறு கேள்வி.

1950இல் 18.5 லட்சமாக உச்சம் தொட்ட மக்கள்தொகை அதன்பின் இடைவிடாமல் சரிந்தது. ஆலைகள் புறநகர்களுக்கும் பிற மாநிலங்களுக்கும் நகர்ந்தன. புதிய நெடுஞ்சாலைகளும் வீட்டுக்கடன்களும் வெள்ளையின மக்களைப் புறநகர்களுக்கு இட்டுச் சென்றன. அந்த வாய்ப்புகள் கறுப்பின மக்களுக்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்டன. 1967 ஜூலையில் வெடித்த கலவரத்தில் 43 பேர் உயிரிழந்தனர். வெளியேற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கலவரம் அதை விரைவுபடுத்தியது. வரி செலுத்துவோர் குறைந்தபோதும், 18 லட்சம் பேருக்காகப் போடப்பட்ட சாலைகளையும் குழாய்களையும், ஓய்வுபெற்ற ஊழியர்களுக்கான ஓய்வூதியத்தையும் நகரம் சுமக்க வேண்டியிருந்தது.

2013 ஜூலை 18 அன்று, ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடனுடன் டெட்ராய்ட் திவால் மனு தாக்கல் செய்தது. அமெரிக்க வரலாற்றில் அதற்கு முன் அவ்வளவு பெரிய நகராட்சித் திவால் நிகழ்ந்ததில்லை. அப்போது தெருவிளக்குகளில் 40 சதவீதம் எரியவில்லை. அவசர அழைப்புக்குக் காவல் துறையினர் வந்து சேரச் சராசரியாக 58 நிமிடங்கள் ஆயின. சுமார் 78 ஆயிரம் கட்டடங்கள் கைவிடப்பட்டுக் கிடந்தன.

திவாலில் இருந்து 2014 டிசம்பரில் நகரம் வெளிவந்தது. நகரின் கலை அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியங்களை விற்றுவிடாமல் காக்க, அறக்கட்டளைகளும் மாநில அரசும் அருங்காட்சியகமும் சேர்ந்து 81.6 கோடி டாலர் திரட்டின; அத்தொகை ஓய்வூதிய நிதிக்குச் சென்றது. அப்படியும் பொதுப்பிரிவு ஓய்வூதியர்களின் மாத வருவாயில் 4.5 சதவீதம் வெட்டப்பட்டதுடன், விலைவாசிக்கேற்ற உயர்வும் நிறுத்தப்பட்டது. மீட்சிக்கான முதல் தவணையைச் செலுத்தியவர்கள் அவர்களே.

கண்ணுக்குத் தெரியும் மாற்றம்

2016 இறுதிக்குள் 65 ஆயிரம் எல்இடி தெருவிளக்குகள் பொருத்தப்பட்டன. பாழடைந்த வீடுகள் பல்லாயிரக்கணக்கில் இடிக்கப்பட்டன. 1988இல் கடைசி ரயில் புறப்பட்டபின் ஜன்னல்கள் உடைந்து, நகரின் அழிவுக்கே அடையாளமாகப் புகைப்படங்களில் இடம்பெற்ற மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஃபோர்டு நிறுவனம் 2018இல் வாங்கிப் புதுப்பித்து, 2024 ஜூனில் திறந்தது. அதே ஆண்டு நகரின் கடன் பத்திரங்கள் மீண்டும் முதலீட்டுக்குத் தகுதியானவை என்ற மதிப்பீட்டைப் பெற்றன. 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டில் மக்கள்தொகை 1,852 பேர் கூடியது. 1957க்குப் பின் முதல் உயர்வு அது. அதற்கடுத்த ஆண்டு மேலும் 6,791 பேர் கூடினர்.

கொலைகள் குறைந்ததற்கான காரணம் ஒன்றல்ல. 2022இல் காவலர் ஊதியம் உயர்த்தப்பட்டு, காலியிடங்கள் நிரப்பப்பட்டன. கொரோனா காலத்தில் தேங்கிய வழக்குகள் நகரத் தொடங்கின. 2023இல் தொடங்கிய 'ஷாட்ஸ்டாப்பர்ஸ்' திட்டம் இவற்றில் கவனத்துக்குரியது. தகராறுகள் துப்பாக்கிச் சூடாக முற்றுவதற்குமுன் தலையிட்டுச் சமரசம் செய்யும் உள்ளூர் அமைப்புகளுக்குக் குறிப்பிட்ட பகுதிகள் ஒதுக்கப்பட்டன. நகரின் பிற பகுதிகளைவிட அங்கு வன்முறை அதிகம் குறைந்தால் கூடுதல் நிதி என்பது ஏற்பாடு. அதே வேளையில், 2024இல் அமெரிக்கா முழுவதுமே கொலைகள் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்தன என்பதையும் மறக்கலாகாது. எந்த அளவு டெட்ராய்ட்டின் சாதனை, எந்த அளவு நாடு தழுவிய போக்கு என்று பிரித்துக் காட்டுவது எளிதன்று.

யாருக்கான மீட்சி?

2008 நெருக்கடிக்குப் பின் வீட்டு விலைகள் தரைமட்டமானபோதும், நகராட்சி பழைய மதிப்பையே வைத்து வரி விதித்து வந்தது. வீட்டின் சந்தை விலையில் பாதிக்கு மேல் வரி மதிப்பு இருக்கக் கூடாது என்பது மிச்சிகன் அரசமைப்பு விதி. 2010 முதல் 2016 வரை வீட்டு உரிமையாளர்களிடம் குறைந்தது 60 கோடி டாலர் கூடுதலாக வசூலிக்கப்பட்டதாக 2020இல் வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது. வரி கட்ட இயலாத பல்லாயிரம் பேரின் வீடுகள் ஏலத்துக்குப் போயின. அப்படிக் காலியான வீடுகள் பாழடைய, பின்னர் அரசுப் பணத்திலேயே அவை இடிக்கப்பட்டன. நகர மறுசீரமைப்பு என்று எண்ணப்படுவதில் ஒரு பங்கு, நிர்வாகம் தானே உண்டாக்கிய சேதத்தைத் துடைப்பதற்கே செலவாயிற்று என்பது கசப்பான உண்மை.

2010க்கும் 2020க்கும் இடையே நகரின் கறுப்பின மக்கள்தொகை ஏறத்தாழ 90 ஆயிரம் குறைந்தது; வெள்ளையினத்தவர் எண்ணிக்கையோ கூடியது. நகரின் நடுப்பகுதியில் கோபுரங்கள் எழுகின்றன. சில கிலோமீட்டர் தள்ளிச் சென்றால் வரிசையாகக் காலிமனைகள். நகரவாசிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வறுமையில் உள்ளனர். அரசுப் பள்ளி மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கையாவது தவறவிடுகின்றனர். பள்ளி பிடிக்காமல் குடும்பங்கள் வெளியேறினால், இந்த இரண்டாண்டு மக்கள்தொகை உயர்வு நிலைக்காது.

பணமும் ஒரு கேள்வி. கொரோனா நிவாரணமாக மத்திய அரசு வழங்கிய 82.6 கோடி டாலரில் இருந்தே வன்முறைத் தடுப்பு உள்ளிட்ட பல திட்டங்கள் தொடங்கப்பட்டன. அத்தொகையை 2026 டிசம்பருக்குள் செலவிட்டு முடிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் நாடெங்கும் இத்தகைய அமைப்புகளுக்கான நூற்றுக்கணக்கான மானியங்களை ரத்து செய்தது. 12 ஆண்டுகள் மேயராக இருந்த மைக் டக்கனுக்குப் பின், நகரின் முதல் பெண் மேயராக மேரி ஷெஃபீல்டு 2026 ஜனவரியில் பொறுப்பேற்றார். தெருமுனைகளில் சமரசம் பேசும் அந்தப் பணியாளர்களுக்கு அடுத்த ஆண்டுச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை அவருடைய நிர்வாகம்தான் முடிவு செய்ய வேண்டும்.