நார்ஃபோக் பைன் கடைசல் கலங்கள்

நார்ஃபோக் தீவுப் பைன் மரத்தின் பச்சைக் கட்டையைக் கடைசல் பிடித்து, சுவரை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலியவைத்து, எண்ணெயில் ஊறப்போட்டுச் செய்யப்படும் அலங்காரக் கிண்ணங்களும் குடுவைகளும் இப்பெயரால் அறியப்படுகின்றன. விளக்கருகே வைத்தால் மரம் தேன் நிறத்தில் ஒளிரும். கணுக்கள் சுவரைச் சுற்றிச் செம்பழுப்பு வளையமாகத் தெரியும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹவாய்த் தீவுகளில் இக்கலை பெயர் பெற்றது.

மரம்

பெயரில் பைன் இருந்தாலும் இது உண்மையான பைன் அன்று; அரௌகேரியா குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியல் பெயர் அரௌகேரியா ஹெட்டரோஃபில்லா. நியூசிலாந்துக்கும் நியூ கலிடோனியாவுக்கும் இடையில் கிடக்கும் நார்ஃபோக் தீவு இதன் தாயகம். 1774இல் அங்கே இறங்கிய கேப்டன் குக், நெட்டுக்குத்தாக நிற்கும் இம்மரங்களைக் கண்டு கப்பலின் பாய்மரத்துக்கு ஆகும் என எண்ணினார். 1788இல் பிரிட்டன் அங்கே குடியேற்றம் அமைத்ததற்கு இந்த எதிர்பார்ப்பும் ஒரு காரணம். வெட்டிப் பார்த்தபோது, பெரும் பாய்மரத்துக்கு வேண்டிய நெகிழ்வும் வலுவும் மரத்தில் இல்லை.

கிளைகள் அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கிலும் ஒரே மட்டத்தில் சக்கரத்தின் ஆரக்கால்போல் நாற்புறமும் கிளம்புவது இம்மரத்தின் இயல்பு. தமிழ்நாட்டு நாற்றுப்பண்ணைகளில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று தொட்டியில் விற்கப்படும் செடியைப் பார்த்தவர்களுக்கு இந்த அடுக்கு தெரிந்திருக்கும். அறுப்பு மரத்துக்கு வட்டமாகச் சேர்ந்து நிற்கும் கணுக்கள் குற்றம். பலகை அந்த இடத்தில்தான் முறியும். கடைசல்காரர் தேடிப்போவது அந்த இடத்தைத்தான்.

ஹவாயில் நார்ஃபோக் பைன் என்று வழங்கும் மரங்களில் பெரும்பாலானவை உண்மையில் அதன் உறவான குக் பைன் (அரௌகேரியா கொலும்னாரிஸ்). லனாய் தீவில் பண்ணை மேலாளராக இருந்த ஜார்ஜ் மன்ரோ, மரத்தில் படியும் மூடுபனி துளித்துளியாகச் சொட்டி நிலத்தை நனைப்பதைக் கண்டு, மலைமுகட்டில் இவற்றை வரிசையாக நடச்செய்தார். குக் பைன் நிலநடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்து வளர்கிறது என 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சராசரிச் சாய்வு ஏறத்தாழ எட்டரை பாகை. இது வெறும் வேடிக்கைச் செய்தியன்று. சாய்ந்து வளரும் ஊசியிலை மரங்களில் அடிப்புறம் அடர்ந்து தடித்து, மரத்தின் மையம் ஒருபக்கம் ஒதுங்கிவிடும். அத்தகைய கட்டையில் கடைந்த கிண்ணம் காயும்போது ஒருபுறம் இழுத்துக்கொள்ளும்.

கடையும் முறை

வழக்கமான கிண்ணத்துக்குக் கட்டையை நெடுக்காகப் பிளந்து, மையத்தை ஒதுக்கிவிடுவார்கள். வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். இங்கே முறை நேர்மாறு. கட்டையின் நடுமையமும் கடைசல் இயந்திரத்தின் சுழல் அச்சும் ஒன்றாகும்படி பொருத்துகிறார்கள். அப்போதுதான் நாற்புறமும் ஓடும் கணுக்கள் கலத்தின் சுவரை ஒரே உயரத்தில் ஊடுருவி வளையமாக நிற்கும். வளையம் விளிம்பருகே வரவேண்டுமா, வயிற்றில் வரவேண்டுமா என்பது கட்டையை அறுக்கும்போதே முடிவாகிவிடும். கணு வட்டம் அடிப்பகுதியில் விழுந்தால் நட்சத்திர வடிவம் கிடைக்கும். மையம் அடியில் தங்கிவிடுவதால் அங்கே விழும் கீறலை நீர்போன்ற மென்பசையூட்டி அடைக்க வேண்டியிருக்கும்.

ஈரம் வற்றாத மரத்தை ஒரே மூச்சில் கடைந்து முடிப்பதே பாதுகாப்பு. இரண்டு, மூன்று மில்லிமீட்டராக மெலிந்த சுவர் காயும்போது வெடிக்காமல் வளைந்துகொடுக்கும். வட்டம் சற்று நீள்வட்டமாகும், அவ்வளவுதான். தடிமனை அளக்க விளக்கே அளவுகோல். மறுபக்கம் ஒரு விளக்கை நிறுத்தி உட்புறம் கடைந்தால், சுவர் மெலிய மெலிய வெளிச்சம் மங்கிய சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கும் பிறகு மஞ்சளுக்கும் மாறும். நிறம் எங்கும் ஒன்றாக வந்தால் தடிமனும் ஒன்றாகிவிட்டது. மஞ்சளுக்கு அப்பாலும் கடையும் ஆசை பல கிண்ணங்களை ஓட்டையாக்கியிருக்கிறது.

பிசின்தான் பெரிய தொல்லை. கணுக்களில் செறிந்திருக்கும் அது உளியின் அலகில் ஒட்டிக் காயும், உப்புத்தாளை நொடியில் அடைக்கும். டர்பன்டைன் தோய்ந்த துணி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கணு சுற்றியுள்ள மரத்தைவிடக் கடினமானது, அதன் இழையோட்டமும் வேறு திசை. அதனால் காய்ந்தபின் சுவர் சுருங்கும் அளவுக்கு அது சுருங்காமல், விரலால் தடவினால் சிறு புடைப்பாகத் தட்டுப்படும்.

வெட்டிய மரத்தை வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் கிடத்தினால் பூஞ்சை பிடித்துச் சாம்பல் நீலக் கோடுகளும் திட்டுகளும் படரும். மற்ற மரத்தொழில்களில் பெரும்பாலும் கழித்துக்கட்டப்படும் இந்தக் கறையை இங்கே வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். எத்தனை வாரம் கிடக்கவேண்டும் என்பதற்குக் கணக்கில்லை. தாண்டிவிட்டால் மரம் உளுத்துப் பஞ்சாகும். பூஞ்சை பிடித்த மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு, முகமூடி கட்டாயம்.

ஒளிரும் காரணம்

வடை மடித்த தாளில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் வெளிச்சத்தை விடுவதுபோலத்தான் இதுவும். காய்ந்த மரத்தின் நுண்குழாய்களில் காற்று நிறைந்திருக்கும். செல்லுலோசுக்கும் காற்றுக்கும் ஒளிவிலகல் எண் வெகுவாக வேறுபடுவதால் ஒளி சிதறிப்போகும். எண்ணெய் புகுந்தால் அந்த வேறுபாடு குறைகிறது, ஒளி கடந்து வருகிறது. ஆகவே எண்ணெயில் ஊறவைத்து, உலர்த்தி, உப்புத்தாளிட்டு, மீண்டும் ஊறவைப்பது வாரக்கணக்கில் தொடரும். ஊறவைப்பது ஆளி விதை எண்ணெயில் என்றால், அது தோய்ந்த துணியைச் சுருட்டிப்போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம், விரித்து உலர்த்தவேண்டும்.

ரான் கென்ட்

இக்கலங்களை அருங்காட்சியகங்களுக்குக் கொண்டுசென்றவர் ஹவாயில் பங்குத் தரகராக இருந்த ரான் கென்ட். பொறியியல் படித்தவர், 1970களில் மனைவி பரிசளித்த சிறு கடைசல் இயந்திரத்தில் பொழுதுபோக்காகத் தொடங்கினார். குறுகிய பாதத்திலிருந்து அகன்று விரியும் அவருடைய மெல்லிய கிண்ணங்கள் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆகியவற்றின் சேகரிப்பில் உள்ளன. வெடிப்பைத் தடுக்கப் பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கரைசலில் மரத்தை ஊறவைக்கும் உத்தியையும் அவர் பரப்பினார். அது உண்மையில் பயன் தருகிறதா என்பதில் கடைசல்காரர்களிடையே இன்றும் ஒத்த கருத்தில்லை.