சுவரும் சித்திரமும்

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989ஆம் ஆண்டு எழுந்த சுவர், நம் மக்களைப் பொதுப்பாதைக்குச் செல்லவொட்டாது தடுத்தது. 2008 மே 6ஆம் நாள் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. சுவரை அரசு இடிக்கலாம். உள்ளத்துப் புண்ணை ஆற்றுவது யாது? சித்திரத்திற்கும் அதில் பங்குண்டு என்பதற்கு, 2011இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'பீமாயணம்' என்னும் சித்திர நூல் சான்றாகும்.

அண்ணல் அம்பேத்கர் இளமையில் தண்ணீருக்கும் வண்டிக்கும் பட்ட பாட்டை, மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் ஆகிய இருவரும் அதில் தீட்டினர். வீட்டுச் சுவரில் சித்திரம் எழுதும் மரபில் வந்த அவர்கள், மாந்தரைக் கட்டங்களுக்குள் அடைக்க இசையவில்லை. இழிவுற்றோர் சொற்களைப் பறவை வடிவினுள்ளும், இழித்தோர் சொற்களைத் தேள்கொடுக்கு உடைய வடிவினுள்ளும் பொறித்தனர். கொட்டியது யார் சொல் என்பதை எழுத்தறியா முதியவரும் கண்டவுடன் உணர்வர். பட்ட துயர் தம் குற்றமன்று என்னும் தெளிவே ஆறுதலின் தொடக்கம்.

இளைஞர்களே! நம் ஊர்ச் சுவர்களில் அண்ணலின் திருவுருவைத் தீட்டுகிறீர்கள். அதனருகே, முதியோரைக் கேட்டறிந்து, நம் ஊர் பட்ட பாட்டையும் வென்ற உரிமையையும் ஆண்டுடன் தீட்டி வையுங்கள். நம் பிள்ளைகள் பார்த்துப் படிக்கட்டும்.