நடந்தால் நெஞ்சு வலிக்குதா? அதற்காக நடப்பதையே நிறுத்தணுமா?

ஏரல் ஆற்றுப்பாலத்தில் வேகமாக நடந்தால் நடுநெஞ்சு அழுத்துது, நின்றால் சரியாகிடுது என்கிறீர்களா? அது ஆஞ்சைனாவாக இருக்கலாம். இதய ரத்தக்குழாய் சுருங்கி, உழைப்புக்கேற்ற ஆக்சிஜன் கிடைக்காதபோது வரும் வலி இது. முதலில் டாக்டரைப் பாருங்க.

அப்போ நடக்கவே கூடாதா?

வலி பல மாதங்களாக ஒரே மாதிரி இருந்தால், டாக்டர் அனுமதியோடு நடக்கலாம். தினமும் நடந்து பழகினால், அதே தூரத்துக்கு இதயம் முன்பைவிட மெதுவாகத் துடிக்கும். ரத்த அழுத்தமும் அவ்வளவு ஏறாது. குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடை அதிகம் சுரந்து குழாயை விரியச் செய்யும். கால் தசைகள் ஆக்சிஜனை நன்றாக எடுத்துக்கொள்ளும். இதனால் முன்பு பாதிப் பாலத்தில் வந்த வலி, தாமதமாக வரும்.

ஆதாரம் இருக்கா?

2004-ல் வெளியான ஜெர்மனி ஆய்வில், இந்த வலியுள்ள 101 ஆண்கள் பங்கேற்றனர். ஓராண்டில் பெரிய இதயப் பிரச்னை எதுவும் வராமல் இருந்தவர்கள்: உடற்பயிற்சி செய்தவர்களில் 88%, ஸ்டென்ட் வைத்தவர்களில் 70%.

அடைப்பு கரைந்துடுமா?

அப்படி நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க. இதயம் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். பயிற்சியை விட்டால் பலனும் போய்விடும்.

எப்படி நடப்பது?

முதல் 10 நிமிடம் மெதுவாக நடங்க. சாப்பிட்டதும் வேண்டாம். வலி வந்தால் உடனே நின்று, டாக்டர் தந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வையுங்க.

எப்போது ஆபத்து?

சும்மா இருக்கும்போதே வலித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, ஓய்வெடுத்தும் வலி தணியாவிட்டாலோ தாமதிக்காமல் 108-ஐ அழையுங்க.