மலைக்கோட்டையும் மலைமாளிகையும்

ஓர் அரசு விட்டுச்செல்லும் கட்டடங்கள் அதன் தொடக்கக்கால வலிமைக்கு ஏற்பவே அமைகின்றன என்பது இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் எடுத்துரைக்கும் கருத்துகளுள் ஒன்று. அரசுகளின் எழுச்சிக்கு அடிப்படையாக அவர் காட்டுவது ‘அஸபிய்யா’ எனும் குழுப்பிணைப்பு. மார்க்கம் அப்பிணைப்புக்கு வலிமை கூட்டும். ஆனால் அப்பிணைப்பு இல்லாத இடத்தில் மார்க்க அழைப்பு மட்டும் ஓர் அரசை எழுப்பிவிடாது என்பது அவர் கண்ட முடிவு. தமிழகத்தின் பதினெட்டாம் நூற்றாண்டை இரு சமயங்களின் போராகவே காட்டும் வழக்கம் பெருகியுள்ள இக்காலத்தில், இக்கருத்தை மனத்தில் இருத்தி நம் அருகிலுள்ள மலைகளைப் பார்த்து வருவது பயன் தரும்.

காலையில் திண்டுக்கல் மலைக்கோட்டையையும், பின்னர் வத்தலக்குண்டு வழியாகப் பழனி மலைத்தொடரில் ஏறிக் கொடைக்கானலையும் ஒரே நாளில் கண்டு வரலாம். துணையின்றித் தனியே செல்வது நலம். பேச்சுக்கு ஆளில்லாதபோதுதான் கற்சுவர்களின் முன் நின்று காலவரிசையை மனத்துள் அடுக்கிப் பார்க்க இயலும்.

திண்டுக்கல் கோட்டை மதுரை நாயக்கர் காலத்தது. திண்டு போன்ற பாறையின் மேல் அமைந்தது. மலையின் மீது கோயிலும், வெடிமருந்துக் கிடங்கும், வீரர் தங்கிய அறைகளும் உள்ளன. மைசூர்ப் படையில் தளபதியாக இருந்த ஹைதர் அலி 1755இல் இப்பகுதியின் பவுஜ்தாராக இங்கு வந்தார். பிற்காலத்தில் மைசூரின் ஆட்சியையே கைக்கொள்ள உதவிய படைபலத்தையும் பொருள்வளத்தையும் அவர் சேர்க்கத் தொடங்கியது இங்கிருந்துதான். அடிவாரத்தில் பேகம்பூர் என்னும் பகுதி இருக்கிறது. ஹைதரின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அங்குள்ள பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருக்கிறார். அவர் பெயராலேயே அப்பகுதி வழங்குகிறது.

இனி 1772ஆம் ஆண்டுக்கு வருவோம். சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் அவ்வாண்டு காளையார்கோயிலில் கொல்லப்பட்டார். அவரை வீழ்த்தியது ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலியும் கிழக்கிந்தியக் கம்பெனியும் கூட்டாக நடத்திய படையெடுப்பு. அரசி வேலுநாச்சியார் தம் மகளுடன் தப்பி, பழனி மலையின் வடக்கு அடிவாரத்திலுள்ள விருப்பாட்சிப் பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். விருப்பாட்சி ஹைதரின் ஆதிக்கத்துக்கு உட்பட்ட நிலம். அமைச்சர் தாண்டவராய பிள்ளை அவ்வாண்டு டிசம்பரிலேயே படையுதவி கோரி ஹைதருக்குக் கடிதம் எழுதினார். காத்திருப்பு ஏறத்தாழ எட்டாண்டுகள் நீடித்தது. 1780இல் ஹைதரின் படைத்துணையோடு அரசி தம் நாட்டை மீட்டார்.

இந்நிகழ்ச்சியை நம்மவர் மேடைகளில் சொல்லும்போது ஹைதர் அளித்த அடைக்கலம் வருகிறது; நவாபின் படையெடுப்பு வருவதில்லை. வேறு சில மேடைகளில் நவாபின் கொடுமை வருகிறது, ஹைதர் மறைந்துபோகிறார். இரண்டும் பாதி வரலாறே. கணவரைக் கொன்ற படையை ஏவியவரும் முஸ்லிம். கைம்பெண்ணான அரசிக்கு இடமளித்தவரும் முஸ்லிம். அரசியைத் தம் பாளையத்தில் காத்த விருப்பாட்சியாரோ நாயக்கர். ஹைதரின் உதவியும் வெறும் இரக்கத்தால் விளைந்தது அன்று. நவாபும் கம்பெனியும் அவருக்கும் பகைவர். சிவகங்கை மீண்டால் அவர்களின் தென்புறத்தில் தமக்கு ஒரு நட்பு நாடு கிடைக்கும் என்ற அரசியல் கணக்கும் அதில் உண்டு. அதனால் அவ்வுதவியின் மதிப்புக் குறைந்துவிடாது. ஆனால் அதனைச் சமயப் பெருமையாக மாற்றுவது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும்.

மூன்றாம் மைசூர்ப் போரில், 1790இல், கோட்டை கம்பெனியிடம் வீழ்ந்தது. 1792இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் பகுதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. கம்பெனியை எதிர்த்து அணி திரட்டிய விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் 1801இல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். அடிவாரம் அடங்கிய பிறகே மலை அளக்கப்பட்டது. 1821இல் வார்டு என்ற படை அதிகாரி பழனி மலையில் நில அளவை மேற்கொண்டார். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினர். 1863இல் லெவிஞ்ச் என்ற ஆங்கில அதிகாரியின் முயற்சியால் ஏரி உருவாயிற்று. அகதிக்கு அரணாக இருந்த மலை, ஆள்வோர் வெயிலுக்கு ஒதுங்கும் இடமாயிற்று.

அந்தக் கொடைக்கானலுக்கு வேறொரு பணியும் வந்து சேர்ந்தது. காஷ்மீரத் தலைவர் ஷேக் முஹம்மது அப்துல்லா 1965இல் ஹஜ் கடமையை நிறைவேற்றி, வெளிநாடுகள் சிலவற்றுக்கும் சென்று திரும்பியதும் டில்லியில் கைது செய்யப்பட்டார். அப்பயணத்தில் அல்ஜியர்ஸில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தது அரசின் சினத்துக்கு ஒரு காரணம். முதலில் உதகையிலும் பின்னர் கொடைக்கானலிலும் அவர் காவலில் வைக்கப்பட்டார். அவர் இருந்த கோஹினூர் மாளிகை அவர் பெயரோடு சேர்த்தே இன்றும் பேசப்படுகிறது. 1968 ஜனவரியில்தான் அவருக்கு முழு விடுதலை கிடைத்தது.

இங்கும் சமயக் கண்ணாடி உதவாது. முஸ்லிம் மாநாடு என்ற தம் கட்சியை 1939இல் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்து, தேசிய மாநாடாக மாற்றியவர் அவர். 1947இல் பாகிஸ்தானிலிருந்து வந்த பழங்குடிப் படையெடுப்பை எதிர்த்து, காஷ்மீர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தவர். அவரை 1953இல் சிறைப்படுத்தியதோ நெருங்கிய நண்பரான நேருவின் காலத்து அரசியல். நட்பும் பகையும் அதிகாரத்தைச் சுற்றியே அணி மாறின.

மலையின் உயரம் தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. அதனைக் கையில் வைத்திருப்பவர் அதனை அடைக்கலமாகவும் ஆக்கலாம், காவல் இல்லமாகவும் ஆக்கலாம். நம் அரபிக் கல்லூரி மாணவர் ஸ்பெயினின் அல்ஹம்ராவைப் பற்றி ஆர்வத்தோடு படிக்கின்றனர், படிக்கட்டும். அவர்களை ஒருமுறை திண்டுக்கல்லுக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். மலையேறிக் கோட்டையைக் காட்டிய பின், இறங்கி பேகம்பூரில் அந்த அம்மையாரின் அடக்கத்தலத்தையும் காட்ட வேண்டும். ஹைதரைச் சொல்லும் அதே மூச்சில் நவாபையும் சொல்ல வேண்டும். சாட்சியம் தமக்கோ தம் உறவினர்க்கோ எதிராக அமையினும் நீதியில் நிலைத்திருக்குமாறு பணிக்கப்பட்ட சமுதாயத்துக்கு வரலாற்றிலும் அக்கடமை உண்டு.