லயத்துக் கொல்லை: பேராக் தோட்டப்புறங்களில் உணவும் நில உரிமையும்

மலேசியாவின் பேராக் மாநில ரப்பர் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் சோற்றுக்குக் கப்பலில் வந்த அரிசியையும், குழம்புக்கு லயத்துக் கொல்லையையும், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை ஒட்டிய காய்கறி நிலத்தையும், நம்பியிருந்தன. கூலி, கங்காணி, கள்ளுக்கடை பற்றி எழுதியவர்கள் இந்தக் கொல்லையைப் பெரும்பாலும் கடந்து போய்விட்டார்கள். ஏழைகளுக்கு நல்ல காய்கறி மலிவாகக் கிடைப்பது விதையையும் விழிப்புணர்வையும் பொறுத்தது என்று இன்று பலரும் நம்புகிறார்கள். பேராக்கின் நூறாண்டு அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது: பாத்தி கட்டத் தெரிந்த மக்களுக்கு எப்போதும் இல்லாமல் போனது பாத்தியின் மேல் உரிமை.

ஆங்கிலேய ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் நட்டது 1870களின் இறுதியில். அடுத்த முப்பது ஆண்டுகளில் ரப்பரும் ஈயமும் மாநிலத்தின் முகத்தையே மாற்றின. நெல்லுக்கென அரசு செய்த பெருமுயற்சி, 1906இல் நிறைவுற்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டம். அதன் விளைச்சல் போதவில்லை. மலாயாவின் அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்தும் சியாமிலிருந்தும் வந்தது.

முதல் உலகப் போரின் முடிவில் கப்பல் தட்டுப்பாடும் இந்தியாவில் மழை பொய்த்ததும் சேர்ந்துகொள்ள, 1919இல் அரிசி கிடைக்காமல் மலாயாவே தவித்தது. தோட்டங்களில் உணவுப் பயிர் வேண்டும் என்ற எண்ணம் அரசுக்கு அப்போதுதான் உறைத்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்கச் சொன்னது. நம் கணக்கில் ஆறே கால் சென்ட். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, கழிநீர் ஓடும் வாய்க்காலோரம் இரண்டு வாழை, நாலு பாத்தி கீரை, வெண்டை, கத்திரி, ஓர் ஆட்டுக்கொட்டில் எல்லாம் அதில் அடங்கும். ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவைக்கு அது சின்ன உதவியல்ல.

ஆனால் அந்த நிலம் வேலையோடு ஒட்டியது. தோட்டத் துரை வேலையை விட்டு நிறுத்தினால் வீடும் போகும், முருங்கையும் போகும். விடியுமுன் பிரட்டுக்கு (வருகைப் பதிவுக்கு) நின்று, பால் வெட்டி, பால் எடுத்துத் திரும்பியவர்களே மாலையில் மண்வெட்டியும் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டு வேலையும் தலையில் விழுந்த பெண்களுக்கு இது எத்தனை பெரிய சுமை என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது, அவர்கள் பண்படுத்திய மண் தோட்டத்தோடேயே நின்றுவிட்டது.

ஜப்பானியர் காலத்தில் அரிசி அருகிப்போய், மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளியுமே உயிரைப் பிடித்து வைத்தன. அதன்பின் வந்த அவசரகாலம் உணவையே போர்க்கருவி ஆக்கியது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் கொல்லப்பட்டதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குச் சோறு போகக்கூடாது என்று உணவுக் கட்டுப்பாடு வந்தது. சிதறிக் கிடந்த லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றாகக் கொண்டுவரப்பட்டன. வாசலில் சோதனை நடந்தது. கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பால் வெட்டப் போகிறவர் பகல் சோற்றைக்கூடக் கையில் கொண்டுபோக முடியாது. கடைக்காரர் டின் உணவைப் பதுக்கிவைக்க முடியாதபடி அங்கேயே ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். காட்டோரப் பயிர் சந்தேகத்துக்குரிய பயிரானது. வேலிக்கு வெளியே கொல்லை வைத்திருந்தவர்களுக்கு அது என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

நில உரிமையை நேரடியாகத் தொட்ட முயற்சி ஒன்றும் இந்த மண்ணிலிருந்தே வந்தது. ஐரோப்பியத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். தொழிலாளிகளின் சிறுசேமிப்பில் தோட்டங்களை வாங்கியது அச்சங்கம். அதன் அரசியல் மதிப்பை நான் மிக உயர்வாகவே கருதுகிறேன். ஆனால் உறுப்பினருக்குக் கிடைத்தது பங்கு. லயத்துக் கொல்லைக்குப் பட்டா அல்ல.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு தாமான்கள் (வீடமைப்புப் பகுதிகள்) வந்தன. ஒரே தோட்டத்தில் தலைமுறைகளாக இருந்தவர்கள் மாடுகளை விற்றுவிட்டு ஈப்போ நகரின் புந்தோங் போன்ற இடங்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் நகர்ந்தார்கள். கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்கும் நிலை அங்கே தொடங்கியது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. எல்லா இனத்தாருக்குமான சராசரி 18.3. பெரியவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் போதிய காய்கறி, பழம் உண்பதில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. நீரிழிவுக்குக் காரணங்கள் பல. கொல்லையை இழந்தது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. மண்ணும் உடலுழைப்பும் ஒரே நேரத்தில் பறிபோன மக்கள் இவர்கள் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

அரசு சும்மா இருக்கவில்லை. 1974 இறுதியில் பிரதமர் துன் ரசாக் தொடங்கிய பசுமைப் புத்தகத் திட்டம் வீட்டைச் சுற்றியுள்ள மண்ணில் பயிரிடச் சொன்னது. 1980களில் உழவர் சந்தைகள் வந்தன. ஆனால் முன்னது வீட்டைச் சுற்றி மண் உள்ளவருக்கே பயன்பட்டது; அடுக்குமாடிக்குப் போனவர்களுக்கு அல்ல.

ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் காய்கறி விளைகிறது, அதிலும் நகரத்துக்கு மிக அருகிலேயே. ஈயம் தோண்டிய மணல் நிலத்தைச் சீன விவசாயக் குடும்பங்கள் எருவிட்டுப் பண்படுத்தின. அந்தக் கீரையைத்தான் ஈப்போவின் தமிழ்க் குடும்பங்களும் பசாரில் வாங்குகின்றன. செமோருக்கு அருகே கந்தானில், நெடுங்காலம் பயிரிட்டு வந்தவர்களின் காய்கறி நிலங்கள் மேம்பாட்டுத் திட்டத்துக்காக 2023 அக்டோபரில் அழிக்கப்பட்டன. அதைத் தடுக்க நின்ற சுங்கை சிப்புட்டின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் கைது செய்யப்பட்டார். தோட்டத் தமிழருக்கு நேர்ந்ததுதான் இந்த விவசாயிகளுக்கும் நேர்ந்தது.

தேசிய நிலச் சட்டத்தின்படி, அரசு நிலத்துக்கான தற்காலிக உரிமம் அந்த ஆண்டின் டிசம்பர் 31க்குமேல் செல்லாது; ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கீரைக்கு அது போதும். நட்டு ஐந்தாறு ஆண்டு காத்திருந்து காய் பறிக்க வேண்டிய தம்புன் பம்பளிமாஸுக்கும், வருடக்கணக்கில் எருவிட்டால்தான் தேறும் ஈய மணலுக்கும் போதாது. நிலம் மாநில அதிகாரத்துக்குட்பட்டது. ஆகவே ஈப்போவைச் சுற்றியுள்ள கைவிடப்பட்ட ஈய நிலங்களில் சிலவற்றை, அடுக்குமாடிக் குடும்பங்களின் கூட்டுறவுகளுக்கும் இப்போது பயிரிடுவோருக்கும் பத்து, இருபது ஆண்டுக் குத்தகைக்கு விடும் முடிவைப் பேராக் அரசே எடுக்கலாம்.