ஸ்காட்லாந்து உடையில் ஒரு ரத்தக் காட்டேரி

பேய் நாடகத்தில் சபை சிரித்துவிட்டால் நாடகம் தோற்றது என்பார்கள். 1820 ஆகஸ்டில் லண்டனின் இங்கிலிஷ் ஆப்பரா ஹவுஸில் (இன்றைய லைசியம்) நடந்ததைப் படித்தபிறகு நான் அதை நம்புவதில்லை.

போலிடோரியின் காட்டேரிக் கதை வெளிவந்து ஓராண்டுதான். பாரிஸில் அது நாடகமாகிவிட்டது. அதைத் தழுவி எழுத வந்த பிளான்ஷே, காட்டேரி நம்பிக்கையே இல்லாத ஸ்காட்லாந்தில் கதை நடப்பதா என்று முறையிட்டார். நிர்வாகி அர்னால்ட் அசையவில்லை. ஸ்காட்லாந்து உடைகள் அரங்கில் ஏற்கெனவே இருந்தன!

ஆகவே, ரூத்வென் பிரபு ஸ்காட்லாந்தில் மணப்பெண் தேடினார். கூடவே மெக்ஸ்வில் என்ற குடிகார வேலைக்காரனின் உளறல். எனக்கு முக்கியமானவன் இவன்தான். இவனால் சிரித்துத் தளர்ந்த சபைக்குத்தான் அடுத்த அதிர்ச்சி உறைக்கும்.

இறுதியில் இடி விழ, ரூத்வென் மறைகிறார். விசை வைத்த இரு கதவுகள். ஆள் உள்ளே போன கணமே மூடிக்கொள்ளும். கெட்டியான பலகைக்குள் உடல் கரைந்ததுபோல் தெரியும். நாடகத் தொழிலில் அதற்கு இன்றும் ‘வேம்பயர் டிராப்’ என்றே பெயர்.

பிளான்ஷே மறக்கவில்லை. 1829இல் மார்ஷ்னரின் காட்டேரி ஆப்பராவை அதே அரங்குக்காக எழுதியபோது, கதையை ஹங்கேரிக்கு மாற்றிவிட்டார்.